காசை எங்கே வைப்பது?

2025 மே மாதத் தொடக்கத்தில் இலங்கை இராணுவம் தன் காவலில் இருந்த ஒரு தொகை நகைகளைப் பதில் பொலிஸ் மா அதிபரிடம் கையளித்தது. போர் முடிந்தபின் வன்னியில் மீட்கப்பட்டவை அவை. விடுதலைப் புலிகள் 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் பொதுமக்கள் அடைவு வைத்தவையும் பாதுகாப்புக்கென்று கொடுத்து வைத்தவையும் அவற்றுள் இருந்தன. 2014 டிசம்பரில் சிலருக்கு அடையாளமாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மீதி பதினாறு ஆண்டுகளாகப் பெட்டிகளுக்குள் கிடந்தது. ஒரு சோடித் தோடு, ஒரு மெல்லிய சங்கிலி, பிள்ளையின் காப்பு என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டின் பல வருடக் கூலியில் மிச்சம் பிடித்தது.

ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்று கிராமக் கூட்டங்களில் புத்தி சொல்ல வருபவர்கள் அந்தப் பெட்டிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். வன்னியில் கூலிக்குப் போகும் குடும்பம் மிச்சம் பிடிக்கத்தான் செய்கிறது. பிடித்ததை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். வைத்த இடமெல்லாம் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகக் கைவிட்டிருக்கிறது. குறைந்த வருமானத்தில் பிள்ளை வளர்ப்பவர்களின் சேமிப்பைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தேங்காயைப் பாதியாகப் பாவிப்பது, சீனியைக் குறைப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

வன்னியின் ஓர் ஊராக ஜெயபுரத்தை எடுத்துக்கொள்வோம். அது கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கிறது. பல்லவராயன்கட்டும் முழங்காவிலும் அயலூர்கள். மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு என்று கடற்றொழில் ஊர்கள். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னார் வீதி வழியாக யாழ்ப்பாணம் பக்கமாகிவிட்டது. பூநகரிப் பக்கத்து வயல் பெரும்பாலும் மானாவாரி. மழையை நம்பிய காலபோகம் ஒன்றுதான் பலருக்குக் கைவரும். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்போன மண்ணும் இதுதான். வயல் இல்லாதவர்களுக்கு விதைப்பு, அருவி வெட்டு, கச்சான் பிடுங்குதல், மேசன் வேலைக்குக் கையாள், கடற்கரையில் கருவாட்டு வேலை என்று எது கிடைக்கிறதோ அது. 2016ஆம் ஆண்டு குடும்ப வருமான செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆக இருந்தபோது கிளிநொச்சி மாவட்டத்தில் 18.2. அப்போது நாட்டிலேயே அதுதான் மிக உயர்ந்தது.

இப்படியான ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கை விளக்கத்துக்காகப் போட்டுப் பார்ப்போம். நாட்கூலி 2,000 ரூபாய். வேலை உள்ள மாதத்தில் 24 நாள் என்றால் 48,000. வேலை இல்லாத மாதத்தில் எட்டு நாள் கிடைத்தால் 16,000. வீட்டுச் செலவு எந்த மாதமும் 35,000. வேலைக் காலம் ஏழு மாதம், வறண்டதும் வெள்ளம் நிற்பதுமான மாதங்கள் ஐந்து. ஏழு மாதத்தில் மிஞ்சுவது 91,000. ஐந்து மாதத்தில் துண்டு விழுவது 95,000. ஆண்டு முடிவில் பற்றாக்குறை வெறும் 4,000 ரூபாய்.

மாதச் சம்பளக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்தால் நாளுக்குப் பதினொரு ரூபாய் குறைத்தால் சரியாகிவிடும் என்பார். கூட்டல் கழித்தலில் அது சரி. ஆனால் ஏழு மாதம் மிஞ்சிய காசு ஐந்து மாதப் பஞ்சம் வரைக்கும் முழுதாகக் கையில் நிற்க வேண்டும். அது வழியில் கரைந்துவிட்டால் 95,000 ரூபாயையும் கடனாக வாங்க வேண்டும். ஒரு வருடத்துக்கு 24 வீதத் தட்டை வட்டி என்றால் வட்டி மட்டும் 22,800. எந்தச் சிக்கனத்தாலும் இவ்வளவை ஈடுகட்ட முடியாது. மாதாமாதம் பத்து வீதத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லும் புத்தகங்கள் ஜெயபுரத்தில் உதவாமல் போவதற்குக் காரணம் இதுவே. இங்கே சேமிப்பு என்பது மாசியில் வந்ததை ஆவணி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டும் வேறு மூவரும் சேர்ந்து எழுதி 2009இல் வெளிவந்த, ஏழைகளின் நிதி நாட்குறிப்புகள் பற்றிய நூல் வங்காளதேசம், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் இதையே கண்டது. நாளுக்கு இரண்டு டொலரில் வாழும் வீடுகள் வருவதை அன்றன்றே தின்று தீர்ப்பதில்லை. கொடுப்பதும் வாங்குவதும் ஒதுக்குவதுமாகப் பல வழிகளில் காசை ஓயாமல் புரட்டுகின்றன. ரதர்ஃபோர்ட் முன்னதாக எழுதிய சிறு நூலில் விஜயவாடாச் சேரியில் வீடு வீடாகச் சேமிப்புத் திரட்டும் ஒரு பெண் வருகிறாள். அவள் கொடுக்கும் அட்டையில் 220 கட்டங்கள். நாளுக்கு ஐந்து ரூபாய் வீதம் நிரப்பினால் 1,100 ரூபாய் சேரும். அவள் திருப்பிக் கொடுப்பது 1,000. நூறு ரூபாய் அவள் கூலி. தங்கள் காசை வைத்திருப்பதற்குத் தாங்களே வட்டி கொடுக்கிறார்கள் அவளிடம் சேமிக்கும் பெண்கள். முட்டாள்தனம் போலத் தெரியும். வீட்டில் வைத்தால் அந்தக் காசு சேராது என்பது அவர்களுக்குத் தெரியும். நூறு ரூபாய் கொடுத்து ஓர் ஒழுங்கை வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில் ஏன் சேராது? குடிகாரக் கணவன் என்று பலர் சட்டென்று சொல்வார்கள். அதுவும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் உறவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் வந்து கைமாற்றுக் கேட்டால், கையில் காசை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்ல முடியாது. நாளைக்குத் தானும் அந்தப் படலையில் போய் நிற்க வேண்டியவள். கைமாற்று வட்டியில்லாத காப்புறுதி. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கையில் காசாக இருப்பது ஊருக்கே பொதுவாகிவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் காசைக் காசல்லாத ஒன்றாக மாற்றி வைக்கிறார்கள். அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடும் பிடியரிசி, உடைத்தால்தான் எடுக்கலாம் என்ற மண் உண்டியல், பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போது விற்கலாம் என்று வளர்க்கும் மறி ஆடு, கோழிகள். ஆட்டில் பாதியைக் கைமாற்றாகக் கேட்க ஒருவராலும் முடியாது.

சீட்டும் இந்த வகையில்தான் சேரும். இருபது பேர் மாதம் 5,000 போட்டால் ஓர் இலட்சம். சீட்டை நடத்தும் தாச்சி முதற் சீட்டை எடுத்துக்கொள்வார். அதன்பின் கழிவு கூறி எடுப்பார்கள். அவசரக்காரி 15,000 கழிவு விட்டால் அவளுக்கு 85,000 கிடைக்கும். அந்த மாதம் ஆளுக்கு 4,250 கட்டினால் போதும். கடைசி வரை பொறுப்பவளுக்கு அது சேமிப்பு. முன்னுக்கு எடுப்பவளுக்குக் கடன். ஒரே கொப்பியில் இரண்டு தேவையும் தீர்கிறது. வட்டி ஊருக்குள்ளேயே, பக்கத்து வீட்டுக்கே போகிறது. பலவீனமும் கண்முன்னால்தான்: தாச்சி ஓடினால் சீட்டும் ஓடிவிடும். எடுத்தவள் இடம்பெயர்ந்தால் மற்றவர்களின் காசு கைவிட்டுப் போய்விடும். 2008இல் போரால் பூநகரிப் பக்கம் வெறுமையானபோது முடியாமல் நின்ற சீட்டுகளை யாரும் எண்ணவில்லை.

நகை எல்லாவற்றையும் மிஞ்சியது. கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கலாம். மற்றதெல்லாம் போனாலும் தாலிக்கொடி கூட வரும். 2009இன் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் கடைசியாக மாறியது அதுதான். பொன் விலையைப் பார்த்தாலும் நகையில் சேமித்தவர்களின் கணக்குப் பிழைக்கவில்லை: 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் ஓர் இலட்சத்துச் சொச்சம், 2025இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிப் போனது. பெண்களின் நகை ஆசை என்று இதைக் கேலி செய்யும் பொருளியல் எனக்குப் புரிவதில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் ரூபாயை வங்கிப் புத்தகத்தில் வைத்திருந்த படித்தவர்களைவிடக் காதில் தோடு போட்டிருந்தவள் நல்ல நிலையில் நின்றாள். ஆனால் இன்று கூலிக்குப் போகும் பெண்ணால் பவுண் வாங்க முடியாது. ஏணி மேலே போய்விட்டது. ஏற்கெனவே ஏறியிருந்தவர்களுக்குத்தான் பயன். கையில் இருக்கும் கிராம் கணக்கு நகையும் விதைப்புக்கு அடைவு போய், அருவி வெட்டுக்கு மீண்டு, அடுத்த விதைப்புக்கு மறுபடி போகும். ஒரு போகம் பிழைத்தால் மீட்புத் திகதி தவறி ஏலத்துக்கு வந்துவிடும்.

வங்கியில் போட்ட காசுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் மூன்று விதமான முடிவுகள் தெரிகின்றன. முதலாவது, தமிழீழ வைப்பகத்தில் இருந்தது: வைப்பகம் இல்லாமற் போனது, அதோடு கணக்கும் போனது. அதே ஊரில் இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ கணக்கு வைத்திருந்தவரின் புத்தகம் எரிந்தாலும் கணக்கு எரியவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலேயே அரச வங்கிகள் கிளை திறந்தபோது, உடுப்பில் தைத்துக் கொண்டுவந்த காசை மக்கள் அங்கே வைப்பிலிட்டார்கள். முள்வேலிக்குள் அடைபட்டிருந்தவர்கள் அந்த அரசின் வங்கியையே நம்பிக் காசு போட்டார்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேறு இடம் இருக்கவில்லை.

இரண்டாவது, போருக்குப் பின் வடக்கே வரிசையாக வந்த நிதி நிறுவனங்கள். அரை வீதம், ஒரு வீதம் கூடுதல் வட்டிக்காக அங்கே போட்டவர்கள் இருக்கிறார்கள். 1940இல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய நிதி நிறுவனமான தி ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி 2020 மே மாதம் இரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதி இருந்ததால் சிறு வைப்பாளருக்குக் காப்பு எல்லை வரை கிடைத்தது. அந்த எல்லை 2021இல் 11 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. வங்கிக்கும் உரிமம் பெற்ற நிதி நிறுவனத்துக்கும் அது பொருந்தும். தேசிய சேமிப்பு வங்கியில் போட்டது முழுவதற்கும் சட்டப்படி அரசு பொறுப்பு. வட்டி வீதத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்று ஊரில் சொல்லிக் கொடுப்பவர் குறைவு.

மூன்றாவது, 2022. கணக்கு இருந்தது, புத்தகம் இருந்தது, இலக்கமும் இருந்தது. காசுக்குத்தான் பெறுமதி இல்லாமற் போனது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9. முந்திய செப்டெம்பரில் ஓர் இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களில் ஏறத்தாழ 59,000 ரூபாய்ப் பெறுமதிக்குத்தான் இப்போது அதே இலட்சம் காணும். உணவென்றால் பாதிக்குச் சற்றே மேல். வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டி ஏறியது உண்மை, ஆனால் அது நிலையான வைப்புக்கு. கூலிக்காரர் வைத்திருப்பது எப்போதும் எடுக்கக்கூடிய சாதாரண சேமிப்புக் கணக்கு. அதன் வட்டி பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் கிடந்தது. பெற்றோர் சிறுகச் சிறுகப் பிள்ளையின் பெயரில் போட்ட கணக்குகளுக்கு நடந்ததை எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது.

இவ்வளவுக்கும் நடுவில்தான் நுண்கடன் வந்தது. மீள்குடியேற்றத்தின்பின் வீடு கட்ட இந்திய வீட்டுத்திட்டம் 5,50,000 ரூபாயைத் தவணையாகக் கொடுத்தது. மணலும் சீமெந்தும் விலையேற, அத்திவாரம் போட்டவர்கள் கூரைக்குக் கடன்பட்டார்கள். கிழமைக் கிழமை வந்து அறவிடும் நிறுவனங்கள் அந்த இடைவெளிக்குள் நுழைந்தன. ஐந்து பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். முற்றத்தில் பாய் விரித்து, பச்சைக் கொப்பியும் சில்லறையுமாகக் காத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் பொடியன் எண்ணி முடிக்கும் வரை ஒருத்தியும் எழும்ப முடியாது. 50,000 ரூபாய்க் கடன், 24 வீதத் தட்டை வட்டி, 52 கிழமை என்றால் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபாய். முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி மட்டும் முழு 50,000க்கும் போடப்படுவதால் உண்மையான ஆண்டு வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். பத்திரத்தில் 24 என்றுதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. கிழமைக்கு 1,192 ரூபாயை ஒரு வருடம் தவறாமல் கட்டிய பெண்ணுக்கு, கிழமைக்கு 1,192 ரூபாய் சேமிக்கும் வலு இருந்திருக்கிறது. வருட முடிவில் அது 62,000 ரூபாய். அவளிடம் இல்லாமல் இருந்தது அந்தக் காசைப் படலைக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருக்கும் ஓர் ஆள். கடன் வசூலிக்க ஊர் ஊராக ஆள் வைத்த நிறுவனங்களில் ஒன்றாவது சேமிப்புத் திரட்ட ஓர் ஆளை ஜெயபுரம் பக்கம் அனுப்பியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அதில் இலாபம் குறைவு. அனுப்பவில்லை.

2018இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதையும், தவணை தவறிய பெண்கள் பாலியல் தொந்தரவு உட்பட அனுபவிக்கும் கொடுமைகளையும் பதிவு செய்தார். அதே ஆண்டு நிதி அமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய ஏற்பாடு செய்தார். நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. 35 வீதத்தை ஏழைக்கு இரக்கம் காட்டும் வட்டி என்று சொல்ல நேர்ந்ததே நிலைமையைக் காட்டும்.

அரசின் உதவிப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் கொடுப்பனவின் ஒரு பகுதி கட்டாயச் சேமிப்பாக வெட்டப்பட்டது. மக்களுக்கு அதில் எரிச்சல், ஆனால் காசு கைக்கு எட்டாமல் ஓரிடத்தில் கிடந்தது. 2023 ஜூலையிலிருந்து வந்த அஸ்வெசும நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது: 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. மேலே போட்ட கணக்கில் பத்தாயிரம் சேர்ந்தால் ஆண்டுக்கு 1,20,000. துண்டு விழுந்த 4,000 போய், 1,16,000 மிஞ்சும். அஸ்வெசுமப் பெயர்ப்பட்டியலில் இருப்பதும் இல்லாததும் எந்தச் சிக்கனத்தையும்விடப் பெரிய வித்தியாசம். பட்டியலில் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகத்துக்கு அலையும் நாட்களில் நாட்கூலியும் போகிறது.

வயல் உள்ள குடும்பத்துக்குச் சேமிப்பில் பெரிய ஓட்டை அறுவடைக் களத்தில்தான். பசளைக்கும் உழவுக்கும் வாங்கிய கடனைத் தீர்க்க, நெல் ஈரமாக இருக்கும்போதே களத்துக்கு வரும் வியாபாரிக்கு விற்றாக வேண்டும். எல்லாரும் ஒரே மாதத்தில் விற்பதால் விலை அடிமட்டத்தில் இருக்கும். புரட்டாதி, ஐப்பசியில் அதே வீடு கடையில் அரிசி வாங்கும்போது விலை உச்சத்தில். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று கொள்வனவு விலை அறிவித்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான் அது. காயவைக்கத் தளம் இல்லாதவருக்கும் இரண்டு கிழமை பொறுக்கக் காசு இல்லாதவருக்கும் அந்த விலை பத்திரிகையில் வாசிக்கத்தான். வீட்டுத் தேவைக்கு ஆறு மூட்டையை விற்காமல் வைத்திருப்பதைவிட நல்ல வட்டி தரும் வைப்பு ஜெயபுரத்தில் இல்லை. எலிக்கும் வண்டுக்கும் கொஞ்சம் போனாலும் அப்படித்தான். அந்த ஆறு மூட்டையை விடாமல் வைத்திருக்க வேண்டுமானால், உழவுக் கடனை மாசியில் ஒரே தடவையில் கேட்காத ஒரு கடன்காரர் வேண்டும்.

அப்படி ஒருவர் வடக்கில் முன்பிருந்தே இருக்கிறார்: கூட்டுறவுச் சங்கம். இலங்கையில் கடனுதவிக் கூட்டுறவுக்கான சட்டம் 1911இலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் அது வேரூன்றி, 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கட்டும் அளவுக்கு வளர்ந்தது. நகரில் நிற்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயர் தாங்கியது. வன்னியிலும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள், பனை தென்னை வளச் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் போருக்கு முன்னும் பின்னும் இருந்துவந்திருக்கின்றன. நுண்கடனுக்கு மாற்று என்று யாழ். பல்கலைக்கழகத்து அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கூட்டுறவைத்தான் சுட்டிவருகிறார்கள்.

சங்கங்களைப் புனிதமாக்கத் தேவையில்லை. தலைவரின் உறவினருக்கே கடன் போன சங்கங்கள் உண்டு. கணக்காய்வு வருடக்கணக்காகப் பிந்தியவையும் உண்டு. போரில் பதிவேடுகள் எரிந்து, யார் எவ்வளவு போட்டார் என்பதே தெரியாமல் தொடங்கியவையும் உண்டு. ஆனாலும் மேலே சொன்ன எல்லா இடங்களோடும் ஒப்பிட்டால் சங்கத்துக்குச் சில வசதிகள் உண்டு: சீட்டைப் போல வட்டி ஊருக்குள் நிற்கும். தாச்சி ஓடினால் பிடிக்கக் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளர் இருக்கிறார். தவணையை அறுவடையோடு பொருத்தி வைக்கவும் அங்கத்தவர்களே தீர்மானிக்கலாம். பணவீக்கத்துக்கு அதனிடமும் மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நூறு பெண்கள் மாதம் 500 ரூபாய் வீதம் போட்டால் வருடத்தில் ஆறு இலட்சம். கிழமைக் கடன்காரருக்குக் கட்டிய 1,192 ரூபாயோடு வைத்துப் பார்த்தால், 500 ரூபாய் அரைக் கிழமைக் காசு கூட இல்லை. அந்த ஆறு இலட்சத்திலிருந்து 50,000 ரூபாய்க் கடனைக் குறைந்துசெல்லும் நிலுவைக்கு 12 வீதத்தில் கொடுத்து ஒரு வருடத்தில் மாதத் தவணையாக அறவிட்டால் வட்டி ஏறக்குறைய 3,300 ரூபாய். நுண்கடனில் அது 12,000. மிஞ்சும் 8,700 ரூபாய்க்கு ஒரு பிள்ளையின் வருடக் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்கலாம், அல்லது ஒரு மறிக்குட்டிக்கு முற்பணம் கொடுக்கலாம். அவள் கட்டிய 3,300 ரூபாயும் சங்கத்திலேயே கிடக்கும். அதில் அவளுக்கும் பங்குண்டு.